பொன்னம்மாள் பார்த்துக்கொண்டிருந்த அறை

1946 பிப்ரவரி 4, திங்கள்

இன்றும் ஒருத்தியும் வரவில்லை. கட்டிலைத் துடைத்தேன், கத்தரிக்கோலைக் கொதிக்க வைத்தேன், மறுபடி துடைத்து உள்ளே வைத்தேன். திருச்சியில் நர்சுக்குப் படித்துவிட்டு மீன்சுருட்டிக்கு வந்தேன். இதுவரை இந்தப் பிரசவ அறையை நம்பி வந்தது கட்டிலுக்கு அடியில் முட்டையிட்ட கோழி மட்டும்தான்.

உடையார்பாளையத்து முந்திரி வியாபாரி நல்லுசாமி, வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன மூத்த மகள் பொன்னம்மாள் பேரில் தர்ம நிதி வைத்துக் கட்டிய அறை. என் சம்பளம், மருந்து, விளக்குக்கு மண்ணெண்ணெய் எல்லாம் அந்த நிதியிலிருந்துதான். நல்ல காரியம், யார் இல்லை என்றது? ஆனால் மனிதர் கட்டிலுக்கு நேர் எதிரே மகளின் படத்தைச் சந்தன மாலையோடு மாட்டி வைத்திருக்கிறார்.

கூலிக்காரப் பெரியசாமியின் மனைவி பூமாலை வாசல்வரை வந்தாள். ஏழு மாதம். காலும் முகமும் வீங்கியிருந்தன. அந்த வீக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை. உள்ளே வா என்றேன். படத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஆசை தீராமப் போனவங்க நர்சம்மா. அவங்க பாத்துக்கிட்டே இருக்கையில நான் எப்படிங்க புள்ள பெக்கிறது?"

வயிற்றுச் சுமையோடு போனவளுக்கு ரோட்டோரம் சுமைதாங்கிக் கல் நடுவதுதான் இந்தப் பக்கத்து வழக்கம். தலைச்சுமையோடு போகிறவர்கள் அதில் இறக்கி வைத்து இளைப்பாறினால் அவள் பாரமும் இறங்கும் என்பார்கள். இவரோ அவளையே கொண்டுவந்து பிரசவ அறையில் நிறுத்திவிட்டார்!

பிப்ரவரி 5

படத்தைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

பிப்ரவரி 9

நிதியின் மேனேஜர் ராசாங்கம் வந்தார். படம் மறுபடி சுவரில்.

பிப்ரவரி 18

பஸ் பிடித்து உடையார்பாளையம் போனேன். நல்லுசாமி மண்டியில் இருந்தார். படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள், பெண்கள் பயப்படுகிறார்கள் என்றேன்.

"திருச்சி ஆஸ்பத்திரியில ஒரு துரைசானி படத்தை மாட்டித்தான் வச்சிருக்காங்க. அங்க யாரும் புள்ள பெக்காமயா இருக்காங்க? எம் பொண்ணை ஊரு மறந்துடக் கூடாதும்மா. அதுக்குத்தான் இவ்வளவும். படம் இல்லேன்னா நிதியும் இல்லே."

சொல்லும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 10, ஞாயிறு

நிதியின் ஆண்டு விழா. வீட்டிலேயே பிள்ளை பெற்றவர்களைச் சர்க்கரை தருவதாகச் சொல்லிக் குழந்தையோடு வரவழைத்தார் ராசாங்கம். ரேஷன் காலத்தில் சர்க்கரையை யார் விடுவார்கள்? வந்தார்கள், வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார்கள். இத்தனை குழந்தைகளும் இந்த நிதியின் பயன் என்று மேடையில் ஒருவர் பேசினார். என்னையும் கைதட்டச் சொன்னார்கள். தட்டினேன். வெட்கக்கேடு.

ஏப்ரல் 2

பூமாலை போய்விட்டாள்.

விடியும்போது பெரியசாமி ஓடி வந்தான். நான் போவதற்குள் இரண்டு முறை வலிப்பு வந்திருந்தது. குனிந்தாலும் கூரை இடிக்கிற குடிசை, உள்ளே கண் தெரியவில்லை. அறைக்குத் தூக்குங்க, விளக்கிருக்கு, கட்டிலிருக்கு என்று கத்தினேன். "அங்க மட்டும் வேணாங்க, அவ அப்படிக் கேட்டுக்கிட்டாளுங்க" என்று பெரியசாமி என் காலைப் பிடித்தான். அந்த இருட்டிலேயே என்னால் முடிந்ததைச் செய்தேன். பிள்ளையும் இல்லை.

அன்றைக்கே வந்து படுத்திருந்தால் உப்பில்லாத சோறு போட்டு, பக்கத்திலேயே இருந்து, வலிப்பு வருமுன்பே வண்டி கட்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேனே. கட்டில் சும்மாதானே கெடந்துச்சு? மாதாவே, யாருக்காக வெளக்கு ஏத்தி வச்சிருந்தேன்?

ஏப்ரல் 3

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 20

நல்லுசாமி வீட்டிலிருந்து வில்வண்டி வந்தது. இளைய மகள் ரெங்கம்மாளுக்கு வலி கண்டிருக்கிறது. வண்டியிலேயே மீன்சுருட்டிக்கு அழைத்துப் போகலாமே, உங்கள் அறைதானே என்றேன். வேண்டுமென்றுதான் கேட்டேன். அவள் தாய் பதறிப்போனாள்.

"அங்க எப்படிம்மா? அங்கதான் பெரியவ இருக்காளே!"

நல்லுசாமி கேட்டுக்கொண்டு நின்றார்.

சுகப்பிரசவம். ஆண் பிள்ளை. கையைக் கழுவிக்கொண்டு அவரிடம் போய்ச் சொன்னேன்: "உங்க வீட்டம்மா சொன்னதைத்தாங்க பூமாலையும் சொன்னா."

"எந்தப் பூமாலை?" என்றார்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஜூலை 1

நல்லுசாமி தனியாக வந்தார். படத்தைத் தானே கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டார். ரோட்டோரம் சுமைதாங்கி ஒன்று நடப்போவதாகச் சொன்னார். பூமாலை பேரையும் சேர்த்து வெட்டச் சொல்லுங்கள் என்றேன்.

"கல்லு எம் பொண்ணுக்கும்மா."

படம் இல்லாவிட்டாலும் நிதி நின்றுபோகாது, தொடர்ந்து வரும் என்று போகும்போது சொன்னார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 27

அறையில் முதல் பிரசவம். பெண் குழந்தை.

செப்டம்பர் 15

பூமாலையின் நாத்தனார் ராசாத்தி எத்தனை மாதம் என்று காட்டிக் கேட்டுப்போக வந்தாள். மூன்றாம் மாதம். நல்லுசாமி ரோட்டோரம் நட்ட கல்லில் சுள்ளிக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தாள். அதில் பொன்னம்மாள் பேர்தானே இருக்கிறது என்றேன்.

"எங்களுக்குப் படிக்கவா தெரியும் நர்சம்மா? எங்க அண்ணிய நெனச்சுக்கிட்டுத்தான் எறக்கி வைக்கிறோம். ஊரு பூராவும் அப்படித்தான்."

உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கால் வீங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.