தொட்டியில் பதிந்த பாக்குவெட்டி

1959, பங்குனி 9, திங்கள்

விடியும்போதே புழுக்கம். டாக்டரம்மா திருச்சியிலிருந்து பத்து மணி பஸ்ஸில் வருகிறார்கள். அதற்குள் பிரசவ அறை துடைக்க வேண்டும். ஜன்னல் திரை துவைக்க வேண்டும்.

கை கழுவும் தொட்டியில் கிடந்த ஈரத் துணியைத் தூக்கினேன். அடியில் என் வீட்டுக்காரருடைய பாக்குவெட்டி. சனிக்கிழமை சாயங்காலம் நான் வைத்தது. ஞாயிறு முழுக்க ஆள் இல்லை. குழாய் சொட்டிச் சொட்டித் துரு. பாக்குவெட்டியை எடுத்துவிட்டேன், அது கிடந்த அச்சு போகவில்லை. வெள்ளை எனாமலில் மூக்கு, இரண்டு கால், எல்லாம் செக்கச் செவேலென்று.

செங்கல் தூள் போட்டு ஒரே தேய். பித்தளைக் குண்டானுக்கு அப்படித்தானே. மூக்குப் பக்கம் கலங்கிவிட்டது. கீழே இரண்டு கால் மட்டும் போகவில்லை. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

டாக்டரம்மா பார்த்தார்கள். செல்லம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"கத்தரிக்கோலை இதுக்குள்ள போட்டுட்டுப் போயிட்டியா?"

கத்தரி, ஊசி எல்லாம் வேகவைத்துத் துடைத்து வைப்பது செல்லம்மா வேலை.

"இல்லைங்கம்மா. எண்ணித்தான் பெட்டியில வச்சேன்."

"கால் ரெண்டும் அப்படியே தெரியுது. இதுல கழுவுன கையாலயா நான் பிள்ளை எடுக்கிறது? ஜன்னி கண்டா யார் பதில் சொல்றது? வெள்ளிக்கிழமையோட நின்னுக்க."

நான் பக்கத்தில்தான் நின்றேன். மடியில் பாக்குவெட்டி. திரை துவைக்கப் போய்விட்டேன்.

பங்குனி 10, செவ்வாய்

யாரிடம் சொல்ல. இந்த நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அவர் போய் நாலு மாசம். எங்கள் ஆட்களில் புருஷன் போனால் வருஷம் திரும்பும்வரை வெற்றிலை தொடக்கூடாது. சனிக்கிழமை ஆளில்லாத நேரம் ஒரு பாக்கை வெட்டி, வெற்றிலையோடு வாயில் போட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி அந்த வாசனை. அழுதுகொண்டே மென்றேன். தொட்டியில் வாய் கொப்பளிக்கும்போது வாசலில் வண்டிச் சத்தம், கறம்பக்குடிப் பக்கத்துப் பிரசவ கேஸ். பாக்குவெட்டியைத் துணிக்கடியில் தள்ளிவிட்டு ஓடினேன். அவசரத்தில் டாக்டரம்மா குண்டானில் இருந்த வெந்நீரில் கை கழுவிக்கொண்டார்கள். குழந்தை பிறந்து, அவர்கள் வண்டி கட்டிப் போய், டாக்டரம்மாவும் ஊருக்குக் கிளம்பி... மறந்தே போச்சு.

இன்று தொட்டியைப் பார்த்துவிட்டு செல்லம்மா, "என்னக்கா, தொட்டி வெத்தலை போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு" என்று சிரிக்கிறாள். வேலை போகிறவள் சிரிக்கிறாள்.

அவர் செத்து பதினாறு நாளும் எனக்குக் கஞ்சி கொண்டுவந்தவள் இவள்தான். குடிக்கும்வரை நகரமாட்டாள்.

என் ஓரகத்திக்குத் தெரிந்தால்? "தாலி அறுத்து நாலு மாசத்துல வெத்தலை கேக்குதா" என்பாள். தெருவே கேட்கும்படி சொல்வாள். அதற்குத்தான் பயந்தேன். வேறு ஒன்றுமில்லை.

பங்குனி 11, புதன்

துரு கூடுகிறது. தேய்த்த இடமெல்லாம் பளபளப்புப் போய்ச் சொரசொர.

டா.அம்மா விரலால் தடவினார்கள். "செங்கல் தூள் போட்டது யாரு?"

"நாந்தாங்கம்மா." இதைச் சொல்ல மட்டும் வாய் வந்தது.

"நல்லதுக்குன்னு செஞ்சிருக்க, மாரிக்கண்ணு. எனாமலுக்கு அது ஆகாது, மேல்பூச்சு போயிரும். உப்பைத் தூவி எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு ஊற விடு. பழந்துணியால தொடை." பிறகு செல்லம்மா பக்கம் திரும்பி, "பொறுப்புன்னா இவகிட்டக் கத்துக்க."

அவள் தலையை ஆட்டினாள்.

பங்குனி 12, வியாழன்

எலுமிச்சை 4. உப்பு ஒரு கை, பொடித்தது. அவருடைய பழைய வேட்டியில் ஒரு கிழிசல்.

ஒரு நாழிகை ஊறியது. துடைத்தால் வேட்டித்துணியில் மஞ்சளாக வருகிறது. மூக்குப் பக்கம் வெளுத்துவிட்டது. ஒரு கால் போயே போய்விட்டது. டா.அம்மா எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார்கள்.

இன்னொரு காலில் கை வைத்தேன், நிறுத்திவிட்டேன். இதுவும் போனால் நான் செய்தேன் என்பதற்கு ஒன்றும் இருக்காது. பிழைத்துக்கொள்வேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது கேவலமாக இருக்கிறது.

செல்லம்மா மூட்டை கட்டுகிறாள். அறந்தாங்கியில் அண்ணன் வீடு. "அங்கிட்டுப் போனா அண்ணி மூஞ்சியில முழிக்கணும், அது ஒண்ணுதாங்கா கஷ்டம்" என்றாள். மீதிப் பழத்தை மூடி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பங்குனி 13, வெள்ளி

காலை. வெயில் ஏறவில்லை. செல்லம்மா மூட்டையோடு சொல்லிக்கொள்ள வந்தாள். டா.அம்மா கை கழுவ வந்தார்கள்.

மடியிலிருந்து எடுத்துத் தொட்டியில் வைத்தேன். மிச்சமிருந்த துருவில் பாக்குவெட்டியின் ஒரு கால் அப்படியே உட்கார்ந்தது.

"இது யாரோடது?"

"அவரோடதுங்கம்மா. சனிக்கிழமை நாந்தான் வச்சேன். பாக்கு வெட்டிப் போட்டுக்கிட்டேன்."

"திங்கக்கிழமை ஏன் சொல்லல?"

சொட்டுகிற குழாயைத் திருகினேன்.

"செல்லம்மா, மூட்டையை உள்ள வை. உன்னைத் தப்பாச் சொல்லிட்டேன். மாரிக்கண்ணு, உன்னைப் பத்தி நாளைக்குப் பேசலாம்." போய்விட்டார்கள். கை கழுவவில்லை.

செல்லம்மா பாக்குவெட்டியை எடுத்தாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள், மூக்கின் இடுக்குவரை. என் கையில் வைத்தாள்.

"இந்தாங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.