கிணற்று இறாலுக்கு ஒரு பெயர்

சிவன் துணை

உருத்திரபுரம்,
08.06.2025

அன்புள்ள மகன் அஜந்தனுக்கு,

கொழும்பில் நீயும் உன் வேலையும் சுகமாக இருக்க அந்தச் சிவனை வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பாவுக்குக் கேட்கும். எனக்கும் இப்போது நாலு வார்த்தை சேர்த்துப் பேச மூச்சில்லை. எழுதினால் நின்று நின்று எழுதலாம்.

அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிப்பது நடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு விடிய ஐந்தரை பஸ். திரும்பி வந்தால் படலையைத் திறக்கவே எனக்குக் கை எழும்பாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லிதான் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மிடறையும் கொப்பியில் பதிகிறேன். நேற்று 480. அறுபது எழுபது கிணறு வெட்டிய மனிசன், போத்தல் மூடியால் அளந்து குடிக்கிறார்.

கலியாணப் பந்தலுக்குச் சொல்லியாச்சு. நீ அனுப்பிய படத்தில் கூறைச் சேலை வடிவாக இருந்தது. மருமகளிடம் சொல்லு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல்கலைக்கழக நிசாந்தினி மிஸ் உன்னோடு கதைத்ததாகச் சொன்னார். மார்கழி வெள்ளம் வடிந்தபின் கிணற்றுக்குக் குளோரின் போட வந்தவர்களை அப்பா மறித்து, வாளியில் அள்ளி எடுத்தாரே, அந்த வெள்ளை இறால். நகத்தளவு, கண்ணே இல்லாதது. இதுவரை யாரும் பதியாத சாதி என்று உறுதியாகிவிட்டதாம். நம் கிணற்றைத் தவிர வேறெங்கும் காணவில்லையாம். கண்ட திகதி, நேரம், தண்ணீர் மட்டம் எல்லாம் என் கொப்பியில் இருந்தபடியே எடுத்திருக்கிறார்.

அதற்கு அப்பாவின் பெயரை வைக்கப்போகிறாராம். மூக்கன் என்று. எழுதவே கை கூசுகிறது, எழுதாமல் உனக்கு விளங்கப்படுத்த முடியாது. "அம்மா, இஞ்சத்தைப் பூச்சி, மீன், மரம் எத்தினைக்கு வந்துபோன வெள்ளைக்காரத் துரைமாரின்ர பேர். வாளியைத் தூக்கினவன்ர பேர் எங்க இருக்கு?" என்று மிஸ் கேட்டார். ஒருமுறை அச்சில் வந்தால் பிறகு யாரும் மாற்ற ஏலாதாம். இருபதாம் திகதி வெள்ளிக்கிழமை கட்டுரையை அச்சுக்கு அனுப்ப வேண்டுமாம்.

நீ அவரிடம் முகுந்தன் என்று போடச் சொன்னாயாம். கலியாணக் கார்ட்டில் அப்படித்தான் அடித்திருக்கிறது, பெண்வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாயாம். அது சரிவராவிட்டால் பெயரே வைக்க வேண்டாம் என்றும் சொன்னாயாம். மிஸ் வந்து அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "தம்பிக்குக் கூச்சமா இருந்தா வேணாம் மிஸ். எம்பேரு இல்லேன்னா எறா நீந்தாதா?" என்றார். மிஸ் போனபின் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று கொப்பியில் 210தான். அதற்குமேல் அவர் தண்ணீர் கேட்கவில்லை.

உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முகுந்தன் என் பிழை. உன் பிறப்புப் பத்திரம் இடம்பெயர்வில் தொலைந்து, புதிதாகப் பதியப் போன நாள் அப்பா முல்லைத்தீவுப் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தார். தகப்பன் பெயர் என்ன என்று பதிவாளர் கேட்டார். புருஷன் பெயரை நான் வாயால் சொல்லி அறியேன். துணைக்கு வந்த பக்கத்து வீட்டு விமலேஸ்வரி அக்கா, "மூக்கன் எண்டு பதிஞ்சா பெடியள் பகிடி பண்ணியே கொல்லுவாங்கள், முகுந்தன் எண்டு போடுங்கோ ஐயா" என்று முடித்துவிட்டார். நான் தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

அப்பாவின் சொந்தப் பெயர் எப்படி வந்தது என்று உனக்குச் சொன்னதில்லை. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அப்பாவுக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் நாற்பது நாள் தாண்டவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், பெற்றவர் தவிட்டில் உருட்டி, மூக்கைக் குத்தி, மூக்கன் என்று கூப்பிட்டாராம். எமன் வந்தாலும், இது யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று விட்டுப் போகட்டும் என்றுதான். மூக்கில் அந்தத் தழும்பு இருக்கிறது. அம்மை வடு என்று நினைத்திருப்பாய்.

போன வியாழன் மெஷினில் இருக்கும்போது அப்பாவுக்குப் பிரஷர் இறங்கிக் கண் செருகிவிட்டது. நர்ஸ் பிள்ளைகள் ஓடிவந்து வேலையைப் பார்த்தபடியே, "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ அம்மா, தெரிஞ்ச குரலுக்கு முழிப்பார்" என்றார்கள். இஞ்சேருங்கோ என்றேன். அசையவில்லை. மூக்கன், மூக்கன் என்று கத்தினேன் ராசா. முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தரம். வார்டே திரும்பிப் பார்த்தது. மெல்லக் கண்ணைத் திறந்து, "என்ன புள்ள, பேரச் சொல்லிப்புட்ட" என்றார். பாவம் என்றால் சிவன் அதை என் கணக்கில் எழுதட்டும்.

அந்த இறாலும் ஒரே ஒரு கிணற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. அதற்கும் அந்தப் பெயர் தேவைப்படும்.

கார்ட்டை மாற்றச் சொல்லவில்லை. பிழை என்னுடையது என்று பெண்வீட்டாருக்கு நானே வந்து சொல்கிறேன். நீ வெள்ளிக்கு முன் மிஸ்ஸுக்கு ஓம் என்று மட்டும் சொல்லிவிடு. அப்பாவுக்கும் போன் எடுத்து நீயே சொல்லு. பின்னேரம் எடு, அப்போதுதான் கொஞ்சம் தெம்பாக இருப்பார்.

அப்பாவுக்கு உடம்பு தேறட்டும், கலியாணத்தை ஆவணிக்குத் தள்ளலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் ராசா. ஆனியிலேயே வைத்துவிடுவோம்.

சிவன் உன்னைக் காக்கட்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
மூக்கன் ஞானேஸ்வரி