நிற்கத் தெரிந்த வண்டி

7 யூன் 1994, செவ்வாய்

காலை முழுவதும், நான் வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவின் திரைச்சீலைகளுக்கு அயன் பிடித்தேன். பின்னேரம் பலெர்மோ பல்கலைக்கழகம். விரிவுரை நடக்கும்போதும் கையில் சூடான துணியின் மணம்.

பேராசிரியர் பரீட்சைக் கட்டுரைக்குத் தலைப்புக் கேட்டார். ஏதாவதொரு தொழிற்சாலையின் வரலாறு. அதன் பெயர் எப்படி வளர்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் இத்தாலியக் கம்பனிகளை எடுத்தார்கள். நான் டொயோட்டா என்றேன்.

"ஜப்பான்காரர் நன்றாகப் பிரதி எடுப்பார்கள், அதை ஒத்துக்கொள்ள வேண்டும்," என்றார்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

12 யூன், ஞாயிறு

வான் வந்துவிட்டது.

ஜேர்மனியில் ஒரு தமிழரிடம் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் வாங்கியது. வெள்ளை டொயோட்டா ஹயேஸ். பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் அதைச் சுற்றி நின்ற விதத்தைப் பார்த்தால் உள்ளே நற்கருணை இருக்கிறது என்று நினைக்கலாம். இந்த ஊரில் ஜப்பான் வண்டி அபூர்வம். ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அரசாங்கம் பல காலம் எல்லையில் மறித்து வைத்திருந்தது. எங்களுக்கோ வான் என்றாலே ஹயேஸ்தான்.

பேரின்பநாயகம் மாமா அதன் தட்டை முகத்தில் கையை வைத்தார். எல்லோருக்கும் அவர் மாமா. சண்டையில் பாதை பூட்டுப்படும்வரை யாழ்ப்பாணம் – கொழும்பு ஹயேஸ் ஓடியவர். இப்போது ஒரு வக்கீல் வீட்டில் சமையல்.

"இது செத்தாலும் ஓடும்," என்று கதவில் ஒரு தட்டுத் தட்டினார். "அரசாங்கம் ஊருக்குப் பெற்றோல் விடாத காலத்திலை எங்கடை சனம் மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினது. இருமிச்சுது. ஆனா ஓடிச்சுது. ஹயேஸ் இருமவும் மாட்டாது."

பிறகுதான் கேள்வி வந்தது. யார் ஓட்டுவது?

ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது. இந்த நாட்டு லைசென்ஸான பத்தெந்தே எடுக்க இத்தாலியனில் எழுத்துப் பரீட்சை. மாமா இரண்டு தரம் எழுதி இரண்டு தரமும் தவறினார். சங்கத்துப் பொடியன் ஏர்னஸ்ற் இன்னும் படிக்கிறான் – படிக்கிறேன் என்கிறான். பத்தெந்தே உள்ள ஒரே ஆள் நான். போன மாரியில், சிஞ்ஞோராவின் தாயை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் தேவைப்பட்டதால் எடுத்தது.

ஆண்கள் சப்பாத்தைப் பார்த்தார்கள். மாமாவின் மனைவி சந்திரமதி மாமிதான் வாய் திறந்தா. "அப்ப கிளறா ஓடட்டும். கப்பலே ஓட்டச் சொல்லுறம்?"

15 யூன்

வானின் திறப்பு, சங்கிலியில் கோத்து, என் கழுத்தில். நித்திரையிலும்.

29 யூன், புதன்

நூலகம். இயந்திரங்களைப் பற்றி வாசிக்கப் போனேன், தறியில் வந்து நின்றேன்.

டொயோட்டாவின் தொடக்கம் கார் அல்ல. தச்சன் ஒருவனின் மகன், தாய் நெய்வதைப் பார்த்து வளர்ந்தவன், தறிகள் செய்தான். ஒரு நூல் அறுந்தால் தானாகவே நின்றுவிடும் தறி அவனுடையது. அதைச் செய்யும் உரிமையை இங்கிலாந்துக்காரருக்கு விற்றார்கள். அவனுடைய மகன் கார் செய்யத் தொடங்கினான்.

பிறகு எனக்குப் பிடிக்காத ஒரு பக்கம். ஐம்பதுகளின் கடைசியில் அமெரிக்காவுக்குப் போன அவர்களின் முதல் கார் தோற்றது. அங்கே நெடுஞ்சாலை வேகத்தில் நடுங்கியது. சூடேறியது. சில வருடங்களில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

இந்தப் பக்கத்தை விட்டுவிடலாமா? பேராசிரியரின் சிரிப்புக்கு நானே ஏன் பொருள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்?

கட்டுரையின் முதல் வரியை எழுதினேன்: "உலகின் எந்தத் தெருவிலும் நிற்காத வண்டி." நன்றாக இருக்கிறது. இரண்டு தரம் உரத்து வாசித்தேன்.

17 யூலை, ஞாயிறு

ஸ்ஃபெர்ராகவால்லோ. கடற்கரை, மீன், வெயில். நான் ஓட்டினேன்.

இதை எப்படி எழுதுவது? ஸ்ரெயரிங் பெரியது, கிட்டத்தட்டக் கிடையாக இருக்கிறது. உயரத்தில் இருந்து ஊரைப் பார்க்கிறேன். ஆறு வருடமாக இந்த நகரத்தின் பஸ்களில் கம்பியைப் பிடித்து நின்றவள். எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே. அதன் சூடு தொடையில் ஏறுகிறது. பின்னால் பெண்கள் பாடுகிறார்கள்.

மீன்காரன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "வண்டி ஜப்பான். நீயும் ஜப்பானா?"

அக்கா என் இடுப்பில் இடித்தாள். "ஓம் எண்டு சொல்லடி. விலையைக் குறைப்பான்."

சொன்னேன். குறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு நிமிடம் – தறி, தச்சன், தொழிற்சாலை எல்லாம் என் சொந்தக்காரர் போல.

வான் ஒன்பது பேருக்குப் பதிந்தது. திரும்பி வரும்போது இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். நான் மாமாவைப் பார்த்தேன். "ஊரிலை பதினெட்டுப் பேர் ஏத்துவன். மேலை ரெண்டு ஆடு," என்றார்.

23 ஓகஸ்ற், செவ்வாய்

அவர்களின் தொழிற்சாலையில், வேலை செய்யும் வரிசையின் மேலே ஒரு கயிறு ஓடுகிறது. எந்தத் தொழிலாளியும், நேற்றுச் சேர்ந்தவனும், பிழை ஒன்றைக் கண்டால் அதை இழுக்கலாம். வேலை நிற்கும். மேலாள் ஓடி வருவான். ஏசுவதற்கு அல்ல, உதவிக்கு.

நம்பவில்லை. சிஞ்ஞோராவின் வீட்டில் நான் ஒரு கயிற்றை இழுத்தால்? எங்கள் சங்கத்தில் இழுத்தால்?

4 செப்ரெம்பர்

இந்த ஊரின் காவல் புனிதை சாந்தா றொசாலியாவின் திருநாள். அவவின் குகைக் கோயில் உள்ள மலையில் சன நெரிசல். அடுத்த ஞாயிறு போவோம் என்று முடிவு. மாமி சோற்றுப் பானைகளை இப்போதே கணக்குப் பார்க்கிறா.

11 செப்ரெம்பர், ஞாயிறு, பின்னேரம்

உடுப்பு மாற்றாமலே எழுதுகிறேன். பரவாயில்லை.

ஏறும்போது ஒன்றும் இல்லை. வான் மலையை அமைதியாக ஏறியது. மாமா என் பக்கத்துச் சீற்றில், எஞ்சினின் மேல், அரசன் மாதிரி. குகைக் கோயிலில் பூசை. மெழுகுதிரி. சைவச் சனமும் எங்களோடு முழங்காலில். இந்த மலையில் அந்த வித்தியாசம் இல்லை. பிறகு சோறு, இறைச்சிக்கறி.

இறங்கும்போதுதான் பிழை. கால்நடையாக ஏறி வந்த எங்கள் ஆட்களும் வானைக் கண்டு வந்தார்கள். ஒரு குடும்பம். பிறகு இன்னொன்று. மடியில் பிள்ளைகள், பிள்ளைகளின் மடியில் பானை. எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். சட்டமும் தெரியும், பரீட்சையில் அதற்குச் சரியாகப் பதில் எழுதியவள் நான். "ஹயேஸ் தானே, ஏறுங்கோ" என்று யாரோ சொன்னார்கள்.

யாரோ அல்ல. நான்தான் சொன்னேன்.

மூன்று வளைவு கடந்திருக்கும். எரிந்த மணம்.

"அது வேறை ஆற்றையோ வண்டியின்ரை பிரேக்," என்றார் மாமா.

அடுத்த வளைவில் பெடல் என் காலுக்குக் கீழே பஞ்சானது. அமத்தினேன், போய்க்கொண்டே இருந்தது. பின்னால் சனம் மாதா பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. கியரைக் குறைத்தேன். எஞ்சின் கத்தியது. கைபிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி – நின்றது. முன்னால் தெருவில் திரும்பவும் ஒரு வளைவு. அதில் சுவர் இல்லை. பலெர்மோ முழுவதும் கீழே தெரிந்தது, கடலும்.

"எல்லாரும் இறங்குங்கோ."

பாட்டு நின்றது.

"விசரே உனக்கு?" ஏர்னஸ்ற் பின்னால் இருந்து. "இதிலை நிண்டு, விஜிலிப் பொலிஸ் வந்து தலையை எண்ணினால்? றோசமலர் அக்காவுக்கு இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெசோ இன்னும் கைக்கு வரேல்லை. மெல்ல மெல்ல உருட்டு. கீழை போனால் சரி."

"பிரேக் இல்லை."

"ஹயேஸுக்கு ஒண்டும் வராது," என்றார் மாமா. என்னைப் பார்க்கவில்லை. "உனக்குத்தான் பயம் பிள்ளை."

"ஓம் மாமா. எனக்குப் பயம். இறங்குங்கோ."

திறப்பைக் கழற்றிக் கைக்குள் பொத்தினேன். நகம் உள்ளங்கையில் பதிந்த இடம் இப்போதும் சிவப்பு. யாரும் அசையவில்லை. அந்த நேரம் எவ்வளவு நீளம்! பிறகு கதவு உருளும் சத்தம். அக்கா, இடுப்பில் சோற்றுப் பானையோடு, முதல் ஆளாக இறங்கினாள். "வாங்கோ, நடப்பம். சாப்பிட்டது செமிக்கட்டும்."

சேலைகளும் சப்பாத்துகளும் பழைய கல்பாதையில் இறங்கிப் போவதைப் பார்த்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாமா மட்டும் சீற்றை விட்டு இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தால் இறங்கினார். போத்தலில் இருந்த தண்ணீரைக் கொஞ்சம் முன் சில்லில் ஊற்றினார். சீறியது. வெள்ளை ஆவி அவர் முகம்வரை எழும்பியது.  போத்தலை மூடி, திரும்பி வந்து இருந்தார்.

பொலிஸ் வரத்தான் வந்தது. மோட்டார் சைக்கிளில் ஒரு விஜிலி. உள்ளே எட்டிப் பார்த்தான் – ஒரு பெண், ஒரு கிழவர். என்ன கோளாறு என்று கேட்டான். பிரேக் சூடேறிவிட்டது, நிறுத்தினேன் என்றேன்.

"பிறாவா," என்றான். கெட்டிக்காரி. போய்விட்டான்.

அந்தச் சொல்லில் எனக்குப் பங்கில்லை. ஏற்றியதும் நான்தானே.

வீட்டில் அக்கா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: வெறுங்காலோடு ஏறி வந்த சிசிலியக் கிழவிகள், சேலையும் பானையுமாக இறங்கும் எங்கள் சனத்தைக் கண்டு நேர்த்தி வைத்து நடக்கிறார்கள் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்களாம். ஒருத்தி மாமியின் கையை முத்தமிட்டாளாம். "மாமியும் கையை நீட்டிக் குடுத்திட்டா, மோதிரம் போட்ட மேற்றிராணியார் மாதிரி!"

13 செப்ரெம்பர், செவ்வாய்

கராஜ்காரன்: வண்டி நல்ல வண்டி. பாரம் கூட. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கியிருக்கிறீர்கள். இன்னும் ஒரு வளைவு ஓடியிருந்தால் – கையால் காற்றில் ஒரு கோடு கீறினான். கடல்வரை.

18 செப்ரெம்பர், ஞாயிறு

சங்கக் கூட்டம். கோயில் மண்டபம்.

சனத்தை நடுத்தெருவில் இறக்கி நடக்கவிட்டாளாம். வெள்ளைக்காரன் பார்க்க மானம் போச்சாம். ஏர்னஸ்ற்: "ஆம்பிளை ஒருத்தன் ஓடியிருந்தால் பக்குவமாய் இறக்கியிருப்பான். எனக்கு ரெண்டு மாசத்திலை பத்தெந்தே வந்திடும். திறப்பை அப்ப என்னட்டைத் தாங்கோ."

தலைகள் ஆடின. நான் திறப்பைக் கழுத்தில் இருந்து கழற்றி மேசையில் வைத்தேன். கராஜ்காரன் சொன்னதைச் சொன்னேன். கூடுதலாக ஏற்றியது என் பிழை என்றும் சொன்னேன். நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. இனிமேல் எத்தனை சீற்றோ அத்தனை பேர், இல்லாவிட்டால் வண்டி வெளிக்கிடாது என்றேன். 

"பெரிய எயார்லங்கா பிளேன்தான்," என்றான் ஒருவன். சிரிப்பு.

மாமாவைப் பார்த்தேன். அந்த ஆவியை என்னோடு கண்ட ஒரே மனிதர். அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவு: ஏர்னஸ்றுக்குப் பத்தெந்தே வரும்வரை திறப்பு என்னிடம். அதற்குப் பிறகு பார்க்கலாம். "பார்க்கலாம்" என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

2 ஒக்ரோபர்

முதல் வரியை வெட்டினேன். அதற்குப் பிறகு எழுதியதையும். நிற்காத வண்டி என்று ஒன்று இல்லை.

அமெரிக்காவில் தோற்ற காரை முதலில் வைத்தேன். பிறகு தறி. பிறகு கயிறு. பெயர் என்பது, அவர்கள் பிழையைக் கண்ட இடத்தில் நின்ற நேரங்களின் கூட்டுத்தொகை. நாங்கள் அந்தப் பெயரை வாங்கி, நிற்கவே தேவையில்லை என்று நம்பினோம்.

27 ஒக்ரோபர், வியாழன்

பரீட்சை. பேராசிரியர் கேட்டார்: வெற்றிக் கதை ஒன்றைத் தோல்வியில் ஏன் தொடங்குகிறாய்?

"பெயர் அங்கேதான் தொடங்குகிறது," என்றேன். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். மலையைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கயிறு எந்த உயரத்தில் தொங்கும் என்று கேட்டார், உண்மையாகவே அறிய விரும்புபவர் போல. கை எட்டும் உயரத்தில் என்றேன்.

முப்பதுக்கு முப்பது.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப நாளைக்குச் சிஞ்ஞோரா வீட்டிலை அயன் பிடிக்கத் தேவையில்லையோ?" என்றாள். பிறகு என் தலையை இழுத்துக் கொஞ்சினாள்.

26 நொவெம்பர்

ஏர்னஸ்ற் பாஸ்.

8 டிசெம்பர், வியாழன்

அமலோற்பவ மாதா திருநாள். மழை விட்டு வெயில். மலைக்குப் போக வெளிக்கிட்ட சனம் போர்கோ வெக்கியோப் பகுதியின் மூலையில் வானைச் சூழ்ந்து நின்றது. திறப்பை இன்று கொடுக்க வேண்டி வரும் என்று நினைத்தேன். காலையிலேயே கழுத்தில் இருந்து கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

நான் போகும்போது பேரின்பநாயகம் மாமா வானின் கதவில் குறுக்கே நின்றார். உள்ளே சீற்றெல்லாம் ஆள். அவருடைய சொந்த மைத்துனர் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார்.

"காலை எடு."

"ஒரு ஆள்தானே அத்தான். ஹயேஸ் தாங்காதே?"

"ஹயேஸ் தாங்கும். அவள் தாங்கமாட்டாள்." மாமா கதவில் தட்டினார், அதே தட்டு, அதே குரல். "நிப்பாட்டிப்போடுவாள். மலையிலை எண்டாலும், பொலிஸ் வந்தாலும், சனம் சிரிச்சாலும் நிப்பாட்டிப்போடுவாள். நான் பக்கத்திலை இருந்தனான், எனக்குத் தெரியும். பஸ்ஸிலை வா."

மைத்துனர் காலை எடுத்தார்.

ஏர்னஸ்ற் கடைசி வரிசையில் இருந்தான், மடியில் சோற்றுப் பானை. சட்டைப்பையில் புது பத்தெந்தேயின் மூலை தெரிந்தது. என்னைக் கண்டு பானையைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்தான். "இறக்கத்திலை எந்தக் கியர் எண்டு வரேக்கை காட்டு," என்றான். மாமா ஓட்டும் சீற்றின் கதவை எனக்குத் திறந்து பிடித்தார்.

ஏறினேன். தெரு முனையில் காலால் பிரேக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தேன்.

இருந்தது.