முத்திரை வைத்த இரண்டு தாள்கள்

மட்டாஞ்சேரி,
மார்ச் 1984

அன்பு மகளுக்கு,

இது அத்தா தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். ஒரு வரி முடிவதற்குள் சாயா ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது. பக்கத்து வீட்டு நசீபாதான் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். உறையில் எழுதுவதற்காக உன் பெயரை இங்கிலீஷிலும் பழகினேன்.

அதே எழுத்துகளை நேற்று டிரங்குப் பெட்டியில் பார்த்தேன். உன் அம்மாவின் மரணச் சீட்டு என்று நான் பத்திரப்படுத்தியிருந்த தாளில் அவை இருந்தன.

"மாமா, இது மௌத்தானவங்க சீட்டில்லே. உங்க மக ஆறு வருஷம் நர்ஸா வேலை பார்த்ததுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த சர்ட்டிபிகேட்டாக்கும்" என்றாள் நசீபா.

உன் அம்மா இறந்ததும் நீ வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில்தானே; இரண்டு தாளிலும் ஒரே வட்ட முத்திரை. நீ சர்ட்டிபிகேட்டை அனுப்பச் சொன்னபோது, எனக்குப் படிக்கத் தெரியாது என்று யாரிடமும் காட்டிக் கேட்க வெட்கப்பட்டு, மற்றதைப் பட்டாளத்து ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன்.

அந்த ஆறு வருஷத்தை உன் பட்டாளத்து நர்ஸ் சர்வீஸில் சேர்த்திருந்தால் நீ இப்போது கேப்டன். உரிய சான்று இல்லை என்று தள்ளிவிட்டார்கள், இனிக் கேட்க வழியில்லை என்று எழுதியிருந்தாய். ஆஸ்பத்திரிக்காரர்களைச் சபிக்காதே. அவர்கள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

உன் ஃபைலைத் திறக்கச் சொல்லிப் பார். ஆறு வருஷத்துக்குப் பதிலாக அங்கே உன் அம்மா இறந்த தாள் இருக்கும்.

உன் அத்தா