ஸ்கேன் கட்டிலில் படுத்த அப்பாவுக்கு

மல்லிகை வாசத்தோடு ஆஸ்பத்திரிக்கு வரும் என் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் வருஷத் திதி முடிந்தது. அம்மா நன்றாக இருக்கிறாள். சமையல்காரர் சாம்பாரில் உப்பைக் கொட்டிவிட்டார். நீங்கள் இருந்திருந்தால் இலையில் உட்கார்ந்தபடியே அவரை ஒரு வாங்கு வாங்கியிருப்பீர்கள். வந்தவர்கள் எல்லோரும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், எனக்கு அதுதான் தாங்கவில்லை.

உங்களிடம் ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும். நம் வீட்டு முன்னறையில், நீங்கள் கணக்குப் பார்க்கும் மேசையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுதி இங்கேயே வைத்துவிடுவேன், ஊரார் படித்தால் படிக்கட்டும், நீங்கள் ஒன்றும் நினைக்கமாட்டீர்கள்.

என் வேலை என்ன என்று பூ மார்க்கெட்டில் யாராவது கேட்டால், "எம் மக அவசரப் பிரிவுல ஸ்கேன் வாத்தியார்" என்பீர்கள். சரியாகத்தான் சொன்னீர்கள். மருத்துவக் கல்லூரியின் அவசரப் பிரிவில் மேல்படிப்பு படிக்கும் டாக்டர்களுக்கு ஸ்கேன் பார்க்கச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துத் திட்டுவதும்தான் என் பிழைப்பு. ஒருநாள் போனில் உங்களிடம் புலம்பினேன். இந்தப் பிள்ளைகள் நோயாளிகளையே பார்க்கிறார்கள், நல்ல உடம்பு உள்ளே எப்படி இருக்கும் என்று தெரியவில்லை, அது தெரிந்தால்தானே கெட்டது கண்ணில் உறுத்தும் என்றேன்.

"அதுக்கு எதுக்குட்டி அழுத? நான் வந்து படுக்கேன்" என்றீர்கள்.

மெஷினை நம் வீட்டுக்குக் கொண்டுவரச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் காலை வியாபாரம் முடிந்ததும் நீங்கள்தான் சங்கரன்கோவிலில் பஸ் ஏறி வந்தீர்கள். பனியனைத் தூக்கிக்கொண்டு கட்டிலில் படுத்தால், பிள்ளைகள் வரிசையாக வந்து உங்கள் வயிற்றில் ஜெல்லைத் தடவுவார்கள். "ஏலே, மெதுவா அமுக்கு, உள்ள சோறு கெடக்கு" என்பீர்கள். பித்தப்பை காட்ட வேண்டும், ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்ன அன்றுதான் பிரியாணியை முடித்துவிட்டு வந்து நின்றீர்கள். பித்தப்பை சுருங்கிப்போய்க் கிடந்தது. நான் முறைத்தேன். "வெறும் வயித்தோட எப்படிட்டி பஸ் ஏறுதது? நெஞ்சக் காட்டு, அது எங்கயும் போவாது" என்றீர்கள்.

சுவரில் தொங்கும் அறிவிப்பும் உங்களுக்கு ஒரு விளையாட்டு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்வதில்லை என்று எழுதியிருக்கும் அல்லவா? அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, "எனக்காவது சொல்லும், டாக்டரே" என்று பிள்ளைகளைக் கேட்பீர்கள். அவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அதே அறிவிப்பால்தான் போன மாதம் ஓர் உயிர் போகப் பார்த்தது.

மேலநீலிதநல்லூர் பக்கத்துப் பிள்ளை. மாமனோடு பைக்கில் போகும்போது விழுந்துவிட்டாள். கையில்தான் காயம், ஆனால் முகம் வெளுத்திருந்தது, நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. என்னிடம் படிக்கும் கடையநல்லூர் பாத்திமாவை நினைவிருக்கிறதா? உங்களுக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தருவாளே, அவள்தான் டியூட்டியில் இருந்தாள். மெஷினை உருட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளையின் அம்மா சுவரில் இருந்த அறிவிப்பைப் படித்தார். அவ்வளவுதான், மகளுக்கும் மெஷினுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

"கையிலதான அடி? வயித்துல எதுக்கு ஸ்கேன் பண்ணுதிய? நிச்சயம் பண்ணின பிள்ளை. மாப்பிள்ளை வீட்டு ஆளுவ வெளிய நிக்காவ. என்னன்னு நெனைப்பாவ?"

அந்தப் பிள்ளையும் சுடிதாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்றாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. எனக்குக் கோபம் வந்தால் என்ன பேசுவேன் என்று உங்களுக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் பாத்திமா மெஷினை அந்த அம்மா பக்கம் திருப்பினாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட, உங்களிடம் கேட்டுச் சேமித்து வைத்த படம் அதில் இருக்கிறது. உங்கள் ஈரலும் சிறுநீரகமும் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் படம்.

"இங்கன பாருங்கம்மா. இது ஆம்பிளை வயிறு. எங்க மேடத்தோட அப்பா, சங்கரன்கோவில்ல பூ யாவாரம். இது பிள்ளைக்குப் பாக்கது இல்ல. உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கான்னு பாக்கது."

"ஆம்பிளையளுக்குமா பாப்பிய?"

"எல்லாருக்கும் பாப்போம்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "ஒங்க அப்பாவா, டாக்டர்?"

"எங்க அப்பாதான்" என்றேன்.

அவர் நகர்ந்து நின்றார். மகளின் தலையைத் தடவி, "படு தாயி, பாக்கட்டும்" என்றார்.

பாத்திமா கை வைத்த உடனேயே திரும்பிவிட்டாள். "மேடம், அப்பாவுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கும்லா? இங்கன நடுவுல கருப்பா இருக்கு." ரத்தம்தான். மண்ணீரல் கிழிந்திருந்தது. அறுவை அரங்குக்கு ஓடினோம். பிள்ளை பிழைத்துக்கொண்டாள், அப்பா.

நன்றி சொன்னால் "போட்டி அங்கிட்டு" என்று விரட்டுவீர்கள். இப்போது விரட்ட ஆளில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். நன்றி அப்பா. அத்தனை பிள்ளைகளின் கண்ணைப் பழக்கிக் கொடுத்ததற்கு நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. அத்தனை தடவை பார்த்தோமே, அந்த நெஞ்சு ஏன் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை? மதியம் சாப்பிட்டுப் படுத்த நீங்கள் ஏன் எழுந்திருக்கவில்லை?

வீட்டுக்குப் போகிற அன்று அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். "தை மாசம் கல்யாணம், சங்கரன்கோவில்லதான். நீங்க கண்டிப்பா வரணும். ஒங்க அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. அவுகளுக்கு முன்னாடியே சேர் போட்டு வைக்கேன்" என்றார். பக்கத்தில் நின்ற பாத்திமா தரையைப் பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

வருஷம் திரும்பிவிட்டது, இனி நல்ல காரியங்களுக்குப் போகலாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். போவேன், அப்பா. அந்த அம்மா வாசலிலேயே உங்களைக் கேட்பார். இந்தத் தடவை உள்ளதைச் சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டு, உங்களுக்குப் போட்ட நாற்காலியில் நானே உட்கார்ந்து தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள் மூத்த மகள்