செல்வியக்கா என்னிடம் சொல்லாதது

ஜூலை 9, புதன்

மும்பை மாட்டுங்காவில் இன்று சுதாவின் ஆவணப்படத்தைத் திரையிட்டார்கள். கேமரா பிடிக்க அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். சாக்கடைக்குள் இறங்கிச் செத்த கணவனைப் பற்றி, தாராவி செல்வியக்கா அதில் மனம்விட்டுப் பேசுகிறார். அதே அக்காவை நான் நான்கு வருடம் படமெடுத்தேன். "நல்ல மனுசன்" என்பதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். வயிறு எரிய நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டே விட்டேன். "எங்கிட்ட ஏன்க்கா இதெல்லாம் சொல்லல?"

"நீங்க வந்ததும் லைட்ட மாட்டுவிய. அவ எங்கூட குழாயடியில தண்ணி பிடிச்சிக்கிட்டே கேட்டா."

அவர் முகத்தில் கோபமே இல்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, கேமராவைக் கொண்டுவராமல் போனோமே என்றுதான்.