அரியாங்குப்பத்துக்குத் தனியாகப் போன கொளஞ்சி

உழவர்கரை,
வியாழக்கிழமை

அன்பு மகள் கவிநிலாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சளி இருமல் இல்லாமல் நன்றாக இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு ஏற்றும்போது வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் உனக்கு ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பும் நேரம் வந்துவிடுகிறது, பாதிப் பேச்சு என் வாயிலேயே நின்றுபோகிறது, அதனால்தான் மிளகாய்ப்பொடிப் பார்சலோடு இதையும் வைக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் வாக்கிங் போகிறேன் என்று கிளம்பி ரொட்டிக்கடை வாசலில் நிற்பதை மட்டும் விடவில்லை. பின்கட்டு முருங்கை காய்த்துக் குலுங்குகிறது, அக்கம்பக்கம் எல்லாருக்கும் கொடுத்தும் தீரவில்லை.

போன தடவை நீ கோபப்பட்டாயே, ஜெயிலுக்குப் போய் வந்தவங்களுக்குப் பாடம் எடுக்கிற வேலை உனக்கு எதுக்கும்மா, வீட்ல நிம்மதியா இருக்கக்கூடாதா என்று. உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பக்கத்து மேட்டுப்பாளையத்துக் கம்பெனி கேண்டீன் வேலையிலிருந்து நின்ற பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான் போனேன். விடுதலையாகி வருகிறவர்கள் சில மாதம் தங்கிக்கொள்ள நம் காலனிக்குப் பின்னால் ஒரு வீடு வைத்திருக்கிறார்கள். நான் என்ன பெரிய பாடமா எடுக்கிறேன், கேஸ் அடுப்பு பற்றவைப்பது, போனில் காசு அனுப்புவது, எந்த பஸ் எங்கே நிற்கும், வேலை கேட்டுப் போனால் எப்படிப் பேசுவது, இவ்வளவுதான். அங்கே கொளஞ்சி என்று ஒருவர் இருக்கிறார். மீசை முளைத்த வயதில் வரப்புத் தகராறில் பங்காளி ஒருவனை அடிக்க, அவன் செத்துப்போனான். காலாப்பட்டு ஜெயிலிலிருந்து வெளியே வரும்போது இவருக்குத் தலை நரைத்துவிட்டது. முதல்நாள் அவரைக் கடைக்கு அழைத்துப்போய் ஒரு சோப்பு எடுங்கள் என்றேன். அலமாரி முன்னால் நின்றவருக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்கம்மா, எனக்குத் தெரியலன்னு சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டார். சாப்பிட உட்காரவும் கேட்பார், லைட்டை அணைக்கவும் கேட்பார். அத்தனை வருஷம் ஒவ்வொன்றுக்கும் யாரோ சொல்லித்தானே நடந்தவர். சோப்பை நான் எடுத்துக்கொடுக்கவில்லை கவி, அவராக எடுக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

வேலை கேட்கும் பேச்சைத்தான் அதிகம் பழகினோம், நான் மேனேஜர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து இத்தனை வருஷம் எங்கே இருந்தீங்க என்று கேட்பேன், அவர் மறைக்காமல் சொல்லவேண்டும். அப்படிச் சொன்னதற்காகவே முதலில் போன கம்பெனியில் உட்காரக்கூடச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்தவர், நெசத்தச் சொன்னா எவன்மா வேல குடுப்பான், இனிமே கேரளாவுல இருந்தேன்னு சொல்லிடறேன் என்றார். பொய் சொல்லிச் சேர்ந்தால் தெரிந்துவிடுமோ என்று தினமும் பயந்துகொண்டே இருக்கவேண்டுமே, அதுவும் ஒரு ஜெயில்தானே என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில், பார்வதி என்ற சூப்பர்வைசர் அம்மா, என் கேண்டீனில் டீ குடித்துப் பழக்கமானவள்தான், அவரைக் கூப்பிட்டுப் பேசினாள். இங்க யாராவது உங்கள ஏதாவது சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க என்று கேட்டிருக்கிறாள். அது நான் சொல்லிக்கொடுக்காத கேள்வி. கோவம் வரும்மா, வராதுன்னு சொன்னா பொய்யாயிடும், வந்தா வெளிய போய் நின்னுட்டு, அடங்கினதும் வந்து வேலையப் பாப்பேன்னு சொன்னாராம். மறுநாளே சேர்த்துக்கொண்டாள்.

வேலை கிடைத்த பிறகுதான் அரியாங்குப்பத்தில் இருக்கிற தன் அக்கா சின்னப்பாப்பாவுக்குப் போன் போடத் துணிந்தார். கடைசிச் சில வருஷம் அந்த அம்மா ஜெயிலுக்குப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டதாம், அதனால் நம்பரை அழுத்துவதும் மணி அடிக்கும் முன்னால் நிறுத்துவதுமாக இருந்தவர் இவர். ஒருநாள் நான் பக்கத்தில் இருக்கும்போது பேசினார். அக்கா, நான் கொளஞ்சி என்றார். அந்த அம்மா அழுதுகொண்டே, கால் வீங்கி நடக்க முடியாமப் போச்சுடா, அதான் வரல, நீ என்ன நெனச்சியோன்னு எனக்குத் தூக்கமே இல்ல, ஞாயித்துக்கெழம வா என்று சொன்னது எனக்கே கேட்டது.

துணைக்கு வரட்டுமா என்றேன், வேண்டாம்மா, நானே போயிடறேன் என்றார். ஞாயிறு காலையில் வெள்ளைச்சட்டை போட்டு, வாழைப்பழச் சீப்பு ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா, அங்கே பழசைப் பேசி யாராவது மனசை நோகடித்தார்களா என்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, உங்க அப்பாதான் நீ பெத்த புள்ளைங்களுக்குக்கூட இப்படித் தவிக்கலயே என்று கிண்டல் பண்ணினார். சாயங்காலம் போன் வந்தது. அம்மா, அக்கா இன்னிக்கு இங்கயே தங்கிடுன்னு சொல்லுது, இருக்கட்டுமா என்றார். இரவு தங்குவதாக இருந்தால் சொல்லிவிட்டால் போதும் என்பதுதான் அந்த வீட்டில் வழக்கம். இருங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, எனக்குத் தெரியாதுப்பா, உங்களுக்கு என்ன தோணுதோ அதச் செய்யுங்க என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்ப நான் இங்கதாம்மா இருக்கப் போறேன், காலையில நேரா வேலைக்குப் போயிடுவேன், நீங்க படுங்க என்று சொல்லி, நான் பதில் சொல்லும் முன்னால் அவரே போனை வைத்துவிட்டார்.

இதை உன்னிடம் சொல்லவேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. என்னைப் பற்றிக் கவலைப்படாதே, நான் சந்தோஷமாக இருக்கிறேன். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, நோயாளிகளைத் தனியாகத் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, பாப்பாவிடம் வீட்டுக்குள் தமிழிலேயே பேசுங்கள். மறக்காமல் பாப்பாவின் கால் அளவை அனுப்பு, கொலுசு செய்யச் சொல்லவேண்டும். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு மனம் நிறைந்து வாழ எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா
நிர்மலா